பழைய ஏர்ஸ்ட்ரீம் வண்டியில் ரிவெட் மாற்றுவது எப்படி?

அமெரிக்காவில் பழைய ஏர்ஸ்ட்ரீம் வாங்கிப் புதுப்பிப்பவர்கள் நிறையப் பேர். காருக்குப் பின்னால் இழுத்துப் போய் உள்ளே தங்கிக்கொள்ளும், மூலைகள் வளைந்த அந்த அலுமினிய வண்டிதான். ஒஹாயோ மாநிலத்தின் ஜாக்சன் சென்டர் தொழிற்சாலையிலிருந்து 1950, 60-களில் வந்தவை பல இன்னும் ஓடுகின்றன. விமானத்தின் உடலைக் கட்டுவது போலவே, வளைந்த சட்டங்களின் மேல் மெல்லிய தகட்டை வைத்து ரிவெட் (தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் தலையுள்ள உலோக ஆணி) அடித்துக் கட்டியிருப்பதால், பழுதானதை மட்டும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றலாம்.

முதலில் எதை மாற்ற வேண்டும் என்று பாருங்கள். தலையைச் சுற்றிக் கறுப்புக் கோடு வழிந்திருந்தால் அந்த ரிவெட் தளர்ந்துவிட்டது. தகடும் ரிவெட்டும் உரசி வரும் பொடிதான் அந்தக் கறுப்பு. நகத்தால் தள்ளினால் அசைவது, தலையே இல்லாதது, யாரோ இரும்பு ஸ்க்ரூ போட்டு ஒப்பேற்றியது, இவையும் போக வேண்டும். அலுமினியத்தில் இரும்பு பட்டு ஈரமும் சேர்ந்தால் சுற்றியுள்ள தகடே அரித்துப்போகும். நன்றாகப் பிடித்திருக்கும் ரிவெட்டைப் பழசு என்பதற்காகத் தொடாதீர்கள்.

அடுத்த கேள்வி: உள்பக்கம் கை எட்டுமா? ஏர்ஸ்ட்ரீமில் உள்ளேயும் ஒரு தகடு உண்டு. அதைக் கழற்றியிருந்தால் வெளித்தகட்டுக்குக் கெட்டி ரிவெட்டே, அதாவது நடுவில் ஓட்டையில்லாமல் இரண்டு பக்கமிருந்தும் அடித்து இறுக்குவதையே, போடுங்கள். கழற்றவில்லை என்றால் ஒலிம்பிக் ரிவெட், அதைக் கடைசியில் சொல்கிறேன். ஒரு பக்கத்திலிருந்தே கருவியால் இழுத்து இறுக்கும் சாதாரண பாப் ரிவெட்டை வெளியில் போட வேண்டாம். நடுவில் ஓட்டை தெரியும், தண்ணீரும் அதன் வழியே இறங்கும். உள்தகட்டுக்கு அது போதும். உள்தகட்டைக் கழற்றும்போது முகமூடி அவசியம். பழைய ஃபைபர் பஞ்சும் எலிப் புழுக்கையும் கொட்டும்.

கெட்டி ரிவெட் வாங்கும்போது ஏஎன்470ஏடி4-4 என்பது போல எண் இருக்கும். ஏடி என்பது உலோகக் கலவை. முதல் 4 குறுக்களவு, அதாவது 4/32, சுருக்கினால் 1/8 அங்குலம். இரண்டாவது 4 நீளம், 4/16 அங்குலம். தகடுகளைத் தாண்டி ரிவெட்டின் கால் அதன் குறுக்களவைப் போல ஒன்றரை மடங்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். 1/8 ரிவெட்டுக்கு அது 3/16 அங்குலம். இரண்டு மெல்லிய தகடு சேரும் இடத்தில் 4-4 சரியாக வரும், நடுவில் தடித்த சட்டமும் இருந்தால் 4-5 தேவைப்படலாம். இரண்டிலும் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கழற்றுவது. இந்த வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். புது ரிவெட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஓட்டை அகன்றுவிட்டால் பிடிக்காது. ஏடி ரிவெட்டின் தலை நடுவில் சின்னக் குழி இருக்கும், ட்ரில் முனையை அதில் வையுங்கள். குழி தேய்ந்திருந்தால் சென்டர் பஞ்சால் லேசாக ஒரு தட்டு. 1/8 ரிவெட்டுக்கு 30-ஆம் எண் பிட், அல்லது அதைவிடச் சற்றுச் சிறியது. முதல் சில சுற்றை ட்ரில்லின் தலையைக் கையால் திருப்பியே போட்டுவிட்டால் பிட் வழுக்கி ஓடாது. பிறகு மெதுவாக ஓட்டுங்கள். தலையின் கனம் வரைதான் துளைக்க வேண்டும், தகட்டைத் தொடவே கூடாது. அதே குறுக்களவுள்ள பின் பஞ்சை ஓட்டையில் விட்டுச் சாய்த்தால் தலை தொப்பி மாதிரி கழன்று வரும். உள்ளே ஒருவர் மரக்கட்டையை வைத்துத் தகட்டைத் தாங்கிக்கொள்ள, பஞ்சால் தட்டிக் காலை வெளியேற்றுங்கள். தாங்காமல் தட்டினால் தகடு குழிந்துவிடும், அந்தக் குழி பாலிஷ் போட்ட பிறகு இன்னும் பளிச்சென்று தெரியும்.

ஓட்டை அகன்றோ நீள்வட்டமாகவோ போயிருந்தால் அடுத்த அளவான 5/32 அங்குல ரிவெட்டுக்கு மாறுங்கள். அதற்கு 21-ஆம் எண் பிட். தகட்டின் ஓரத்திலிருந்து ஓட்டையின் நடுப்புள்ளி வரை ரிவெட் குறுக்களவைப் போல இரண்டு மடங்காவது இடம் இருக்கட்டும்.

முழுத் தகட்டையும் மாற்றுகிறீர்கள் என்றால் கிளெகோ வேண்டும். தகடுகளைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் சிறிய ஸ்பிரிங் கவ்விகள் இவை. 1/8-க்குச் செம்பு நிறம், 5/32-க்குக் கறுப்பு. இதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். இரண்டு மூன்று ஓட்டைக்கு ஒன்றாவது மாட்டி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அடித்துப் போனால் தகட்டில் சுருக்கம் விழாது. துளைத்தபின் பிரித்து, ஓட்டைகளின் பிசிறை இரண்டு பக்கமும் எடுத்து, இடுக்கில் சேர்ந்த அலுமினியத் தூளைத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். வெயிலில் சூடான தகடு விரிந்திருக்கும், நிழலில் வேலை செய்வதே மேல்.

ரிவெட் அடிக்க இரண்டு பேர். வெளியே ஒருவர் காற்றழுத்தத்தில் இயங்கும் சுத்தியலான ரிவெட் கன்னோடு, உள்ளே ஒருவர் பக்கிங் பார் என்ற கனமான இரும்புக் கட்டியோடு. கன் தலையை அடிக்க, உள்ளே நீட்டிய கால் பாரில் மோதி நசுங்கிப் பின்தலையாகும். கன்னில் மாட்டும் செட் என்ற அடிக்கும் முனையின் குழி ரிவெட் தலையின் வடிவத்துக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் தகட்டில் பிறை வடிவத்தில் தழும்பு விழும். 1/8 ரிவெட்டுக்கு 40 பிஎஸ்ஐ வாக்கில் காற்றழுத்தத்தில் ஆரம்பித்து, வீணான தகட்டுத் துண்டுகளில் அடித்துப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். கண்ணாடியும் காதடைப்பானும் இருவருக்கும் வேண்டும். உள்ளே இருப்பவருக்குச் சத்தம் இன்னும் அதிகம்.

அந்தச் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் தட்டிச் சொல்வது விமானப் பட்டறை வழக்கம். உள்ளே இருப்பவர் பாரால் ஒரு தட்டு தட்டினால் இன்னும் அடி, இரண்டு என்றால் சரி, மூன்று என்றால் கெட்டுவிட்டது, எடு. பாரை ரிவெட்டின் காலில் நேராக அழுத்திய பிறகுதான் கன் ஓட வேண்டும். நிறுத்தும்போது முதலில் கன், அப்புறம் பார். ஒன்றிரண்டு விநாடியில் முடிவது நல்லது. விட்டுவிட்டு நெடுநேரம் அடித்தால் ரிவெட் இறுகிக் கடினமாகி விரிசல் விடும்.

முடிந்ததும் பின்தலையைப் பாருங்கள். அகலம் குறுக்களவைப் போல ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. 1/8-க்கு 3/16 அகலம், 1/16 உயரம். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். எல்லாம் பெயின்ட் அடித்தால் மறைந்துவிடும் என்று சமாதானம் சொல்ல இங்கே பெயின்ட் கிடையாது.

சரி, ஒலிம்பிக் ரிவெட். வெளியிலிருந்தே பாப் ரிவெட் போல இழுத்துப் போடுவது. ஓட்டையில் கொஞ்சம் சீலன்ட் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) தடவி, ரிவெட்டை விட்டு இழுத்ததும் அதன் நடுக்கம்பி முறிந்து ஒரு குச்சி தலைக்கு மேல் மிஞ்சும். அதை நிப்பரால் வெட்டி, ஷேவர் என்ற கருவியால் செதுக்கினால் பார்க்கக் கெட்டி ரிவெட் போலவே இருக்கும். ஆனால் பலத்தில் கெட்டி ரிவெட்டுக்கு இது ஈடாகாது. அதனால் பெரிய தகட்டை முழுக்க இதனாலேயே பொருத்துவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

தகடுகள் சேரும் இடுக்குக்குப் பாலியூரித்தேன் சீலன்ட், உதாரணமாக சிகாஃப்ளெக்ஸ் 221, ட்ரெம்ப்ரோ 635. சிலிக்கான் வேண்டவே வேண்டாம். அது ஒருமுறை பட்ட இடத்தில் பிறகு எதுவும் ஒட்டாது, சுரண்டி எடுப்பதும் பெரும்பாடு.

சீலன்ட் காய்ந்ததும், உள்தகட்டை மூடும் முன், ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். வெளியே மற்றவர் குழாய்த் தண்ணீரைக் கீழ் வரிசையில் ஆரம்பித்து மெல்ல மேலே கொண்டுபோகட்டும். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எந்த ஓட்டையில் நுழைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.