பாழ்கிடந்த வளவுக் கிணற்றைக் குடிதண்ணீருக்கு எடுப்பது

போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. ஆனாலும் வன்னியில் பற்றை மூடிய வளவுகள் இன்னும் உண்டு. முகாமில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்த குடும்பத்துக்கு, ஊர் திரும்பியதும் கூரைக்கு முன்னம் வேண்டியது சொந்தக் கிணறு. அவசரப்பட்டு இறங்காதீர்கள்.

காணியில் கண்ணிவெடி அகற்றி முடிந்ததா என்று கிராம அலுவலரிடம் உறுதிசெய்யாமல் பற்றைக்குள் கால் வைக்கவேண்டாம். காணி விடுவிக்கப்பட்டிருந்தாலும் அடிச்சேற்றை நம்பமுடியாது. போரின்போது வெடிபொருட்கள் கிணறுகளுக்குள்ளும் போடப்பட்டன. இரும்பு தட்டுப்பட்டால் இழுக்காமல் மேலேறி பொலிசின் 119க்கு அறிவியுங்கள். எலும்பு தென்பட்டாலும் தொடக்கூடாது. காணாமற்போனவரைத் தேடும் ஒரு வீட்டாருக்கு அது பதிலாக இருக்கலாம்.

தண்ணீர் கீழே நிற்கும் ஆவணி, புரட்டாதியில் இறையுங்கள். மேலே வைத்த பம் 20 - 25 அடிக்கு மேல் உறிஞ்சாது. அதனால்தான் ஆழக் கிணறுகளில் எண்ணெய் பம்மையே உள்ளே இறக்குகிறார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள். புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. ஆள் மயங்கி விழுவார், தூக்கப்போனவரும் விழுவார். ஆழமென்றால் வாளியால் இறையுங்கள், அல்லது கரண்டில் ஓடும் மூழ்கு மோட்டரை இறக்குங்கள். ஆள் இறங்குமுன் மோட்டரின் கரண்டைக் கழற்றுங்கள். லாம்பு ஒன்றைக் கயிற்றில் இறக்கிப் பாருங்கள், அணைந்தால் இறங்கவேண்டாம். எரிந்தாலும் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர்.

கட்டில்லாத கிணற்றை ஒரேயடியாக வற்றவிட்டால் பக்கமண் இடியும். மூன்றிலொரு பங்கு இறைத்து, ஊறவிட்டு, மறுபடி இறையுங்கள். முல்லைத்தீவுக் கரையோரத்தில் அதிகம் இறைத்தால் உப்பு ஏறும்.

சேறு அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவி, ஊறிய தண்ணீர் தெளிந்தபிறகே குளோரின் போடவேண்டும். கலங்கலில் அதன் பலன் வீண். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, தண்ணீர் ஆழத்தாலும் 0.785ஆலும் பெருக்குங்கள், எல்லாம் மீற்றரில். வருவது கனமீற்றர். ஒவ்வொன்றுக்கும் 30 வீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 165 கிராம். 3 மீற்றர் விட்டம், 1.5 மீற்றர் தண்ணீர் என்றால் ஒன்றே முக்கால் கிலோ. திறந்து கிடந்த பழைய பவுடரில் வீரியம் இராது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். ஒரு நாள் மூடிவைத்து, மணம் போகும்வரை இறையுங்கள்.

பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லித் தண்ணீரைச் சோதியுங்கள். கல்லுத்தன்மையும் புளோரைட்டும் குளோரினால் தீராது. புளோரைட்டு கொதிக்கவைத்தாலும் போகாது. புது மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி, வீட்டு அத்திவாரம் வெட்டுமுன்பே குறித்துவிடுங்கள்.