பூட் ஆகும்போது டிஸ்க் பெயர் மாறுகிறதா? எஃப்எஸ்டேபில் யூயூஐடி எழுதுங்கள்

லினக்ஸ் கெர்னல் டிஸ்க்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயர் வைப்பது அவை கண்ணில் படுகிற வரிசையில்தான். ஒரு யூஎஸ்பி டிரைவ் செருகியிருந்தாலே நேற்றைய எஸ்டிஏ இன்று எஸ்டிபி ஆகிவிடலாம். எந்த பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பகுதியை) எந்த ஃபோல்டரில் இணைப்பது, அதாவது மவுன்ட் செய்வது, என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்தப் பெயர் இருந்தால் வேறு பார்ட்டிஷன் மவுன்ட் ஆகும், அல்லது பூட் முடியாமல், பழுதுபார்க்கும் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும்.

முதலில் எஃப்எஸ்டேபுக்கு ஒரு நகல் எடுத்துவையுங்கள். நிர்வாகி உரிமை தரும் சூடோவோடு பிஎல்கேஐடி கட்டளையை இயக்கினால் ஒவ்வொரு பார்ட்டிஷனின் யூயூஐடியும் (டிஸ்க் பெயர் மாறினாலும் மாறாத தனி அடையாள எண்) தெரியும். எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம் என்றால் கோடுகளோடு சேர்த்து 36 எழுத்து. பக்கத்திலேயே பார்ட்யூயூஐடி என்று இன்னொன்றும் இருக்கும்; அதை மாற்றி எடுத்துவிடாதீர்கள். எஃப்எஸ்டேபில் வரியின் தொடக்கத்தில் உள்ள சாதனப் பெயரை நீக்கி, யூயூஐடி, சமக்குறி, எண் மூன்றையும் இடைவெளியில்லாமல் எழுதுங்கள்.

வெளி டிஸ்க்கின் வரியில் நோஃபெயில் என்ற ஆப்ஷனைக் கட்டாயம் சேருங்கள். இல்லாவிட்டால் அது செருகப்படாத நாளில் பூட்டை நடத்தும் சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்திருந்து பூட்டை நிறுத்திவிடும். ரீபூட்டுக்கு முன் ஃபைண்ட்மவுன்ட் கட்டளையை வெரிஃபை ஆப்ஷனோடு ஓட்டினால் எழுத்துப்பிழை அங்கேயே அகப்படும்.

பலர் கவனிக்காதது இது: டிடி என்ற நகலெடுக்கும் கட்டளை கொண்டு டிஸ்க்கை குளோன் செய்தால் யூயூஐடியும் அப்படியே நகலாகும். இரண்டு டிஸ்க்கும் ஒரே கணினியில் செருகியிருந்தால் பழைய குழப்பம்தான். குளோனை அன்மவுன்ட் செய்து, எக்ஸ்ட்4 என்றால் டியூன்2எஃப்எஸ் கட்டளை மூலம் புது யூயூஐடி கொடுங்கள். ஸ்வாப் (ரேமுக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) உருவாக்கும் எம்கேஸ்வாப் கட்டளையை மறுபடி ஓட்டினாலும் ஸ்வாப்பின் யூயூஐடி மாறும். எஃப்எஸ்டேபில் அந்த வரியையும் திருத்துங்கள்.