சிசேரியன் தையலுக்கு பி.ஆர்.பி.: பிழை தொடங்குவது குழாயில்

தாயின் ரத்தத்திலிருந்தே எடுக்கும் தட்டணு செறிந்த பிளாஸ்மாவை (பி.ஆர்.பி.) காயம் ஆற வைத்தும் சிசேரியன் காயத்தில் பலன் தெரியவில்லையா? ரத்தம் எடுத்த குழாயை முதலில் பாருங்கள். ரத்த எண்ணிக்கைக்கான ஊதாமூடிக் குழாயில் உள்ள, ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ தட்டணுவின் சவ்வைக் கெடுக்கும். சிட்ரேட் அல்லது ஏசிடி-ஏ (சிட்ரேட்டும் டெக்ஸ்ட்ரோஸும் கலந்த உறைவுத்தடுப்பு) குழாய்தான் வேண்டும். டிரிப் ஏறும் கையில் எடுத்தால் ரத்தம் நீர்த்துவிடும். முதுகில் ஊசி போடுமுன், மறுகையில் எடுத்துவிடுங்கள். மெல்லிய ஊசியால் வேகமாக இழுத்தால் அணுக்கள் உடையும்.

அதிகம் கோட்டைவிடும் இடம், ரத்தத்தைச் சுழற்றி அடுக்குகளாகப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ். "1,500 சுற்று, 10 நிமிடம்" என்று சுவரில் ஒட்டியிருக்கும்; சுழலியின் ஆரத்தை யாரும் அளப்பதில்லை. 10 செ.மீ. ஆரத்தில் அது சுமார் 250 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல் 250 மடங்கு விசை. 15 செ.மீ. என்றால் அதே வேகம் 375 ஜி-யைத் தாண்டும். முதல் சுழற்சியில் விசை மிஞ்சினால் தட்டணுக்களும் சிவப்பணுக்களோடு அடியில் போய்விடும். மேலே நிற்பது வெறும் பிளாஸ்மா. பிரேக் போட்டு நிறுத்தினால் அடுக்குகள் கலங்கும். இரண்டாம் சுழற்சியில் தட்டணுக்கள் அடியில் சேரும்; அதன் பிறகு மேல் மூன்றில் இரண்டு பங்கை நீக்கி, மிச்சத்தை மெதுவாக அசைத்துக் கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது.

மைக்ரோ லிட்டருக்கு 10 லட்சம் தட்டணு என்பது பரவலாகச் சொல்லப்படும் இலக்கு. கர்ப்பத்தில் எண்ணிக்கை சற்றுக் குறைவது வழக்கம். 1 லட்சம் உள்ளவருக்கு ஐந்து மடங்கு செறிவாக்கினாலும் 5 லட்சம்தான் தேறும். எண்ணிப் பார்க்காமல் வைப்பது குருட்டு வைத்தியம்.

தயாரித்ததை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்; குளிரில் தட்டணு கெடும், 20–24 டிகிரி போதும். கர்ப்பப்பையைத் தைத்துக்கொண்டிருக்கும்போதே தட்டணுவைத் தூண்டும் கால்சியம் குளோரைடைக் கலந்துவிடுவதும் வீண். கலந்த 10 நிமிடத்தில் வளர்ச்சிக் காரணிகளில் பெரும்பகுதி வெளியேறிவிடும். தசையுறையை மூடி, ரத்தக்கசிவை நிறுத்தி, தோலடிக் கொழுப்பில் விட வேண்டிய நேரத்தில் கலந்தால் போதும். சலைனில் கழுவுவதெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்கட்டும்.

கீறலுக்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் போடும் செஃபசோலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக்கோ, 2 செ.மீ. தடிமனைத் தாண்டிய தோலடிக் கொழுப்புக்கான தையலுக்கோ, சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கோ இது மாற்றாகாது. ஆய்வுக்கு ஆய்வு தயாரிப்பு முறை வேறுபடுவதால் முடிவுகளும் ஒத்துப்போவதில்லை என்பதைத் தாயிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. கடைசியாக லேபிள்: ஒரே சென்ட்ரிஃபியூஜில் இரண்டு தாய்மாரின் குழாய்கள் சுழலும் நாளில், பெயரும் எண்ணும் ஒட்டாத குழாயை யோசிக்காமல் அப்புறப்படுத்துங்கள். மாறிப்போனால் ஒருவருக்குள் போவது இன்னொருவரின் ரத்தம்.