வேளாண்மை சிவந்து நின்றால்: முதலில் வக்கடை, பிறகு பொட்டாஸ், கடைசியில் யூரியா

நெல் விதைத்து மூன்று நான்கு கிழமையில் பள்ளக்காணியில் ஒரு திட்டு மட்டும் வளராமல் நிற்கும். கீழிலைகளில் நுனியிலிருந்து செம்புள்ளி விழுந்து, புள்ளிகள் ஒன்றுசேர்ந்து இலை முழுதும் செம்பு நிறமாகிக் கருகும். உடனே யூரியா வாளியைத் தூக்குவதுதான் நமது பழக்கம். சிவப்புக்குக் காரணம் இரும்பு நஞ்சு என்றால் அதைவிடப் பிழையான வேலை வேறில்லை. யூரியா கூடக்கூட, ஏற்கெனவே குறைந்திருக்கும் பொட்டாசியம் பயிருக்குள் இன்னும் போதாமல் போகும்.

இரும்பு எல்லா வயலிலும் உண்டு. காற்றுள்ள மண்ணில் அது துருவாகக் கரையாமல் கிடக்கும். தண்ணீர் கட்டி நின்றால் சில நாளில் மண்ணில் காற்று தீர்ந்து, நுண்ணுயிர்கள் அந்தத் துருவைக் கரைய வைத்துவிடும். நெல் சும்மா இருப்பதில்லை. இலை வழியாக வேருக்குக் காற்றை இறக்கி, வரும் இரும்பை வேருக்கு வெளியிலேயே துருவாக்கித் தடுக்கும். பொட்டாசியமும் பொசுபரசும் கல்சியமும் குறைந்த வேரால் இதைச் செய்ய முடியாது. போதாக்குறைக்கு அந்த வேர் தன் சத்தைக் கசியவிட்டு, இரும்பைக் கரைக்கும் அதே நுண்ணுயிர்களுக்கே தீனி போடும். பசளையால் உதவ முடிவது இந்த இடத்தில்தான். மண்ணில் கரைந்துவிட்ட இரும்பைப் பொட்டாஸ் (பொட்டாசியப் பசளை) அகற்றாது. அதற்குத் தண்ணீரைத்தான் வடிக்க வேண்டும்.

முதலில் இரும்புதானா என்று உறுதிசெய்யுங்கள். திட்டின் நடுவிலிருந்து ஒரு குத்தைச் சேற்றோடு கிளப்பி, வயல் தண்ணீரில் அல்லாமல் நல்ல தண்ணீரில் அலசுங்கள். வேரில் செந்துருப் பூச்சு இருந்து, நுனிகளில் வெள்ளை வேர் புதிதாக ஓடினால் பயிர் இன்னும் தாக்குப்பிடிக்கிறது. வேர் கறுத்து, கூழ்முட்டை மணம் வந்து, புது வேரே இல்லை என்றால் நிலைமை கடுமை. அடுத்து, கால் புதைந்த குழியில் ஊறும் தண்ணீரை வெள்ளைப் போத்தலில் எடுத்து மூடாமல் வையுங்கள். தெளிவாக இருந்தது மறுநாளைக்குள் கலங்கி, அடியில் செம்மண்டி தங்கினால் அது இரும்பு. தண்ணீரின்மேல் எண்ணெய் போலப் படை மினுங்கினால் குச்சியால் கீறிப் பாருங்கள். தகடு தகடாக உடைந்தால் இரும்புப் படை. உடையாமல் சுழன்று மீண்டும் ஒன்றுசேர்ந்தால் உழவு இயந்திரத்தின் எண்ணெய்.

இதனோடு மாறாடும் நோய்களும் உண்டு. பொட்டாஸ் மட்டும் குறைந்தால் இலையின் ஓரம்தான் முதலில் கருகும். நாகம் (சிங்) குறைந்தால் இளம் இலையின் அடி நரம்பு வெளுக்கும். வாவியோரக் காணிகளில் இலை நுனி வெளுத்துச் சுருண்டால் உவரைச் சந்தேகியுங்கள்.

இரும்பு என்று தெரிந்த அன்றே வக்கடையை (வரம்பில் தண்ணீர் போகும் வாயை) வெட்டித் தண்ணீரை இறக்குங்கள். களிமண்ணில் 5 முதல் 7 நாள் காயவிடலாம். மண்ணில் மயிரிழை வெடிப்பு விழ வேண்டும், கால் வைத்தால் சுவடு பதிய வேண்டும், புதையக் கூடாது. விரல் நுழையும் அளவுக்கு வெடிக்க விட்டால் வேர் அறும், புல் ஏறும். சிறுபோகத்தில் முறைத் தண்ணீர் எப்போது வரும் என்று வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானையிடம் கேட்காமல் வக்கடையைத் திறக்க வேண்டாம். இறக்கிவிட்டு அடுத்த முறைக்குப் பத்து நாள் காத்திருப்பது இரும்பைவிடக் கேடு. மாரி மழையில் வயல் வடியாது. அப்போது மேட்டுப்பக்க வரம்போரமாக ஓரடி ஆழக் கான் வெட்டி, குளக்கட்டு அல்லது மேட்டுக்காணியிலிருந்து வரும் ஊற்றைத் திருப்பிவிடுங்கள். ஊற்றோடு இரும்பும் வருகிறது.

காய்ந்த பிறகு மெல்லிய தண்ணீர் விட்டு, ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ எம்ஓபி (பொட்டாசியம் குளோரைட்டுப் பசளை) எறிந்து, மூன்று நாள் வக்கடையை அடைத்து வையுங்கள். அடைக்காவிட்டால் எறிந்த பொட்டாஸ் பக்கத்துக் காணிக்குப் போய்விடும். உவர்க் காணியில் எம்ஓபியின் குளோரைட்டு சேர்வது நல்லதல்ல. அதற்காகப் பொட்டாசியம் சல்பேற்றுக்கு மாறுபவர்கள், சேறு கூழ்முட்டை மணம் வீசும் இடத்தில் அதையும் தவிருங்கள். காற்றில்லாச் சேற்றில் சல்பேற்றே வேரைக் கறுப்பாக்கும் வாயுவாக மாறும்.

நாகக் குறையும் சேர்ந்திருந்தால் இலைக்குத் தெளிப்பதே விரைவு. 16 லீற்றர் தாங்கிக்கு 80 கிராம் சிங் சல்பேற், 40 கிராம் நீறிய சுண்ணாம்பு. சுண்ணாம்பைத் தனியாகக் கரைத்துத் துணியில் வடித்துச் சேர்க்க வேண்டும்; சுண்ணாம்பு இல்லாமல் தெளித்தால் இலை எரியும். வேறு மருந்தோடு கலக்க வேண்டாம். சிங் சல்பேற்றையும் ரிஎஸ்பி என்ற பொசுபரசுப் பசளையையும் ஒரே வாளியில் கலந்தால் இரண்டும் இறுகிப் பயனற்றுப் போகும்.

யூரியாவுக்கு இப்போது அவசரமில்லை. ஏழெட்டு நாளில் மறுபடி ஒரு குத்தைக் கிளப்பிப் பாருங்கள். வெள்ளை வேர் ஓடியிருந்தால் வழக்கமான அளவில் பாதியை எறியலாம், மீதியைப் பத்து நாள் கழித்து. சிவந்த பழைய இலை பச்சையாகாது. புது இலை சுத்தமாக வருகிறதா என்பதே கணக்கு.

அடுத்த போகத்துக்கு அந்தத் திட்டை இப்போதே குறித்து வையுங்கள். அறுவடை முடிந்ததும் மண் மாதிரி எடுத்து, விவசாயப் போதனாசிரியர் மூலம் பரிசோதனைக்கு அனுப்பலாம். மண்ணின் புளிப்பைக் காட்டும் பிஎச் 5.5க்குக் கீழ் என்றால் மட்டும் டோலமைற் (சுண்ணாம்பு வகைக் கல்தூள்), அதுவும் அறிக்கை சொல்லும் அளவில். நடுநிலைக்குக் கிட்டிய மண்ணில் போட்டால் நாகத்தைக் கட்டிப்போட்டு இன்னொரு நோயை வரவழைப்பீர்கள். விதைப்போடு இடும் அடிக்கட்டுப் பசளையில் எம்ஓபியை விட்டுவிடாதீர்கள். மில்லில் கிடைக்கும் உமியைக் கரியாக்கி ஏக்கருக்கு 250 கிலோ அளவில் உழவோடு சேர்த்தால், அதன் சிலிக்கா வேரின் காற்று இறக்கும் வலுவைக் கூட்டும். உமி கறுப்பாக இருக்கும்போதே தண்ணீர் தெளித்து அணையுங்கள். வெள்ளைச் சாம்பலாக எரிந்துவிட்டால் சிலிக்கா இலகுவில் கரையாது.

வைக்கோல்தான் பலரும் தவறும் இடம். பயிர் எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. எரிக்காமல் மண்ணுக்குத் திருப்புவது சரி. ஆனால் பச்சை வைக்கோலை உழுது மறுகிழமையே தண்ணீர் கட்டி விதைத்தால், அது அழுகும் வேகத்தில் மண்ணின் காற்று முழுதும் தீர்ந்து இரும்பு இன்னும் வேகமாகக் கரையும். விதைப்புக்கு மூன்று நான்கு கிழமை முன்னரே ஈரமண்ணில் மடித்து விடுங்கள், இல்லையேல் உக்க வைத்துப் போடுங்கள்.

தண்ணீர் இறக்கும் வேலை மட்டம் வெடிக்கும் (பக்கக்கிளை விடும்) பருவத்தோடு முடிய வேண்டும். கதிர் தண்டுக்குள் இருக்கும் குடலைப் பருவத்துக்குப் பிறகு வயலைக் காயவிட்டால், மண்ணில் கட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கும் இடங்களில் அது நெல்மணிக்குள் ஏறும். அதனால் கதிர் வரும் காலத்தில் மெல்லிய தண்ணீரை நிறுத்தி வைத்து, அறுவடைக்கு இரண்டு கிழமை முன்னர் கடைசியாக வடியுங்கள்.