ராம்நாட் கடற்கரைல உக்காந்து கிறிஸ்தவ திகில் காமிக்ஸ் போடுறது எப்படி

பேய் வர்ற மாதிரி ஒரு கிறிஸ்தவ காமிக்ஸ் போடணும்னு ஆசைப்படுற பிள்ளைக மொதல்ல வரையிறது கொம்பு, வாலு, செவப்புக் கண்ணு, கையில சூலம். தயவுசெஞ்சு அதை விட்ருங்க. அந்த உருவத்தை நம்மாளுக திருவிழா நாடகத்துலயே பாத்து சிரிச்சு முடிச்சாச்சு, அதுக்கு இனிமே எந்தப் பிள்ளையும் பயப்படாது, அதுபோக சாத்தான் கையில சூலத்தைக் குடுத்தீங்கன்னா பக்கத்துத் தெருக்காரங்க அதை வேற மாதிரித்தான் எடுத்துக்குவாங்க, எடுத்துக்கிட்டா தப்பும் இல்ல.

கதைக்கு எங்கயும் தேட வேணாம், பைபிளே போதும். சவுல் ராசா வேஷம் மாத்திக்கிட்டு ராத்திரில குறி சொல்ற பொம்பளைகிட்ட போயி செத்த சாமுவேலை எழுப்பச் சொல்றது (1 சாமுவேல் 28), எலும்புக்கூடெல்லாம் கடகடன்னு ஒண்ணோடொண்ணு சேர்றது (எசேக்கியேல் 37), ராசா விருந்து நடக்கும்போது வெறும் கை மட்டும் வந்து சுவத்துல எழுதுறது (தானியேல் 5), கடல்லருந்து ஏழு தலை மிருகம் ஏறி வர்றது (வெளிப்படுத்தல் 13). மத்தேயு 14ஐ நம்ம ஊருக்குன்னே எழுதுன மாதிரி இருக்கும். விடியப்போற நேரம், எதிர்க்காத்து, படகு தடுமாறுது, தண்ணி மேல ஒரு உருவம் நடந்து வருது, படகுல இருக்கிறவங்க பேய்னு அலறுறாங்க. பாம்பன்லயோ மூக்கையூர்லயோ கடலுக்குப் போற ஒருத்தர்கிட்ட இந்த இடத்தை வாசிச்சுக் காட்டிட்டு அவர் என்ன சொல்றாருன்னு கேட்டு எழுதிக்கோங்க, உங்க வசனத்துல பாதி அங்கயே கெடைச்சிரும்.

மொத தடவை போடுறவங்களுக்கு நான் சொல்றது தோபித்து புத்தகம். சிஎஸ்ஐ, பெந்தகோஸ்தே பைபிள்ல இது கிடையாது, கத்தோலிக்க பைபிள்லதான் இருக்கு, அதனால யாருக்காகப் போடுறோம்னு பாத்துக்கிட்டு எடுங்க. சாரான்னு ஒரு பொண்ணு, ஏழு தடவை கல்யாணம் ஆகி ஏழு மாப்பிள்ளையையும் மொத ராத்திரியே ஒரு பேய் கொன்னுருது. அவளைக் கட்டிக்கப் போற தோபியா ஆத்துல கால் கழுவுறப்போ ஒரு பெரிய மீன் அவன் காலை முழுங்க வருது, கூட வந்தவரு (அவர்தான் ரபேல் தூதர், அது அவனுக்குத் தெரியாது) பிடிடா அதைங்கிறாரு. வயித்தைக் கீறி ஈரல், இதயம், பித்தப்பை மூணையும் தனியா எடுத்து வச்சுக்கிட்டு மீதிய சுட்டுத் தின்னுட்டு மிச்சத்தை உப்புப் போட்டுக்கிறாங்க, ஆமா, கருவாடு. கல்யாண ராத்திரி ஈரலையும் இதயத்தையும் தணல்ல போட்டா கெளம்புற புகைல பேய் ஓடிருது.

கதை நடக்குறது டைகிரிஸ் ஆத்துலதான், அதை மாத்த வேணாம், ஆனா மீன் அறுக்குற கையை நம்ம ஊர்க் கையா வரைங்க. தங்கச்சிமடம் பக்கம் காலைல ஒரு ஏலக் கொட்டகைல போயி நின்னு பாத்தாலே தெரியும், செவுளுக்குள்ள விரலை விட்டுத் தூக்குறது, கத்தியோட முனை மட்டும் உள்ள போறது, பித்தப்பை உடைஞ்சா கசந்துரும்னு அந்த இடத்துல மட்டும் கை மெதுவாகுறது. அந்த மெதுவாகுற நேரத்துக்கு மூணு பேனல் (படம் வர்ற கட்டம்) குடுங்க, வசனம் வேணாம். மீனுக்கு மாடல் வேணும்னா பெரிய கலவா ஒண்ணை வாயைத் தெறந்து வச்சு போட்டோ எடுத்துக்கோங்க, அந்த வாயைப் பாத்தா எவனும் காலை இழுத்துக்குவான்.

இந்தக் கதைலயே பெரிய திகில் பேய் வர்ற இடம் இல்ல. மாமனாரு. இவனும் எப்படியும் செத்துருவான், விடியிறதுக்குள்ள யாருக்கும் தெரியாம பொதைச்சிரலாம்னு உள்ள மாப்பிள்ளை தூங்கும்போதே வெளிய ஆளு வச்சு குழி வெட்டுறாரு. அப்புறம் வேலைக்காரப் பொண்ணு விளக்கை எடுத்துக்கிட்டுப் போயி கதவைத் தெறந்து பாக்குது, ரெண்டு பேரும் நல்லாத் தூங்குறாங்க, உடனே குழியை மூடச் சொல்றாரு. இந்த ஒரு காட்சியே ஆறு பக்கம் தாங்கும். மண்வெட்டிச் சத்தம், மாமியா மொகம், மூடின கதவு, திரும்ப மண்வெட்டி. மணல்ல குழி வெட்டுறது எப்படி இருக்கும்னு தனுஷ்கோடி பக்கம் ஊத்து தோண்டுறதைப் பாத்தா தெரியும், வெட்ட வெட்ட ஓரம் சரியும், கொஞ்ச ஆழத்துலயே தண்ணி கசிய ஆரம்பிக்கும். குழிக்குள்ள தண்ணி, அதுல விளக்கு வெளிச்சம் ஆடுது, இதை வரைஞ்சிட்டீங்கன்னா பேயை நீங்க வரையவே வேணாம்.

பேயை எப்ப காட்டுறதுன்னு நெறைய பேரு கேக்குறாங்க. முடிஞ்ச அளவு லேட்டா. புத்தகத்துல ஒத்தப்படைப் பக்கம் வலது கைப் பக்கம் வரும், அதோட கடைசி பேனல்ல ஒருத்தன் எதையோ பாத்துட்டு நிக்கட்டும், எதைன்னு பக்கத்தைத் திருப்புனா அடுத்த பக்க மொத பேனல்ல வரட்டும். இந்தக் கணக்கைப் படம் வரையிறதுக்கு முன்னாடியே, சின்னச் சின்னக் கட்டம் போட்டு பென்சில்ல கிறுக்குற கட்டத்துலயே முடிச்சிரணும். போன்ல மேலருந்து கீழ தள்ளிப் படிக்கிற மாதிரி போடுறீங்கன்னா திருப்புற வித்தை வேலைக்கு ஆகாது, ரெண்டு பேனலுக்கு நடுவுல ஒரு நீளமான கருப்பு விடுங்க, விரல் தள்ளிக்கிட்டே போகட்டும்.

இடத்தை நேர்ல போயி வரைங்க, கூகுள்ல எடுத்த படத்தைப் பாத்து வரைஞ்சா எல்லாப் பாழடைஞ்ச சர்ச்சும் ஏதோ ஐரோப்பா மாதிரியே வருது. தனுஷ்கோடி சர்ச் சுவரு பவளக் கல்லு, காரை உதிர்ந்த இடத்துல கிட்டப் போயிப் பாருங்க, பொத்துப் பொத்தா, சில கல்லுல பூ மாதிரி வரி ஓடும். ஒரு காலத்துல உயிரோட இருந்த கல்லு அது, அதை ஒரு பேனல்ல முழுசா நெறைச்சு வரைஞ்சா படிக்கிறவனுக்கு என்னன்னு புரியாமலே ஒரு மாதிரி ஆகும். உச்சி வெயில்ல போயிராதீங்க, நெழலே இருக்காது, சாயங்காலம் போங்க.

ஆனா ஒண்ணு, 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல ரயிலோட கடலுக்குள்ள போனவங்களைப் பேயா வரையாதீங்க. அவங்க வீட்டாளுக ராமேஸ்வரத்துலயும் பாம்பன்லயும் இன்னமும் இருக்காங்க. அந்த எடம் வேணும், அந்தச் சாவு வேணாம். ஓரியூருக்கும் இதேதான். போர்ச்சுகல்லருந்து வந்த குரு அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ) 1693 பிப்ரவரி 4ல தலைய வெட்டுன எடம், செம்மண்ணை இன்னைக்கும் ஜனங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்க, கருப்பு வெள்ளை புத்தகத்துல அந்த ஒரு பக்கம் மட்டும் செவப்பு அடிச்சா எப்படி இருக்கும்னு யோசிங்க. ஆனா அப்போ ராம்நாட் ராசாவா இருந்த சேதுபதியைப் பேய் பிடிச்சவரா காட்டுறது வரலாறும் இல்ல, நல்ல கதையும் இல்ல. அரசியல், வாரிசு, ஒரு தலைவர் மதம் மாறினப்போ மத்த மனைவிகளைத் தள்ளி வச்சதால வந்த பகைன்னு உண்மைக் காரணமே இருக்கு, அதை எழுதத் தெரியாதவங்கதான் பேய் மேல பழியைப் போடுவாங்க.

இதே காரணத்துக்காகத்தான் ஜாக் சிக்கைப் பாத்துக் கத்துக்கிறவங்களும் கொஞ்சம் சூதானமா இருக்கணும். அமெரிக்காக்காரரு, 2016ல செத்துட்டாரு, உள்ளங்கை அளவு குட்டிப் புத்தகத்துல நரகம், சாத்தான்னு போட்டு ஏகப்பட்ட மொழில பரப்புனவரு. சின்ன சைஸு, பக்கத்துக்கு ஒண்ணு ரெண்டு படம், டீ குடிக்கிற நேரத்துல படிச்சிரலாம், அந்த வடிவத்தை தாராளமா எடுத்துக்கோங்க. உள்ள இருக்கிற சரக்கை எடுக்காதீங்க, கத்தோலிக்கரையும் மத்த மதத்துக்காரங்களையும் சாத்தானோட ஆளுன்னு காட்டுனவரு அவரு. நம்ம பக்கம் ஒரே படகுல மூணு மதத்தாளும் கடலுக்குப் போறாங்க. அடுத்தவங்க கும்பிடுற சாமியைப் பேயா வரைஞ்சா சட்டப்படியும் மாட்டுவீங்க, பழைய இந்திய தண்டனைச் சட்டம் 295ஏ இப்போ பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 299.

அடுத்தது பேய் பிடிச்ச ஆளை வரையிறது, இங்கதான் நான் ரொம்ப கறாரா இருப்பேன். மாற்கு 5ஐ எடுத்துக்கோங்க. கல்லறைல கெடக்குறான், சங்கிலியைப் பிச்சு எறியிறான், கல்லால தன்னைத்தானே கீறிக்கிறான். எல்லாரும் இதை வரைஞ்சிட்டு, அப்புறம் ரெண்டாயிரம் பன்னி கடல்ல குதிக்கிறதை ரெண்டு பக்கத்துக்கு விரிச்சு வரைஞ்சிட்டு முடிச்சிருவாங்க. ஆனா நம்ம மாவட்டத்துல சங்கிலின்னா ஏர்வாடி ஞாபகம் வரும். 2001 ஆகஸ்ட் 6 விடியக்காலை அங்க ஒரு தனியார் மனநலக் காப்பகத்துல தீப்பிடிச்சு, கட்டிப்போட்டிருந்ததால ஓட முடியாம 28 பேர் செத்தாங்க. அந்த மாவட்டத்துல உக்காந்துக்கிட்டு சங்கிலி போட்ட மனுசனை வெறும் பயங்காட்டுறதுக்கு வரையக் கூடாது. சங்கிலியை அவன் பக்கத்துலருந்து வரைங்க, மணிக்கட்டுல இருக்கிற தழும்பு, அவன் கண்ணுக்குத் தெரியிற ஊர்க்காரங்க, தூரமா, சின்னதா, கல்லைக் கையில வச்சுக்கிட்டு. அதே அதிகாரத்தை இன்னும் கொஞ்சம் படிச்சீங்கன்னா, அவன் துணி உடுத்திக்கிட்டு தெளிவா உக்காந்திருக்கிறதைப் பாத்துத்தான் ஊர்க்காரங்களுக்குப் பயம் வருது, பேயை விரட்டுன இயேசுவை ஊரை விட்டுப் போகச் சொல்லிக் கெஞ்சுறாங்க. கடைசிப் பக்கம் அந்தப் பயத்துக்குத்தான், பன்னிக்கு இல்ல.

பேயோட்டுற காட்சி வச்சீங்கன்னா இன்னொன்னும் கவனிங்க. கத்தோலிக்கத் திருச்சபைல ஆயரோட தனிப்பட்ட அனுமதி வாங்குன குருதான் அதைச் செய்யலாம், திருச்சபைச் சட்டம் 1172. ஜெபக் கூட்டத்துல யாரோ ஒருத்தர் முடியைப் பிடிச்சு ஆட்டுறதை ஹீரோயிசமா காட்டாதீங்க, யாராவது அதைப் பாத்து வீட்டுல செஞ்சு பாத்துரப் போறாங்க. பின் அட்டை உள்பக்கத்துல அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலிமானஸ் 14416ஐ போட்டுருங்க, காசு செலவில்ல. மனநலம் சரியில்லாதவங்களைச் சங்கிலில கட்டுறது 2017 சட்டப்படி தடைங்கிறதையும் ஒரு வரில சேத்துக்கலாம்.

இங்க் வேலை. ப்ரஷ்ல போடுறவங்களுக்கு, வாடைக் காத்து காலத்துல கடலோர வீட்டுல பேப்பரு ஈரத்தை இழுத்து இங்க் பரவிரும், பேப்பரை பாலித்தீன்ல சுத்தி பெட்டிக்குள்ள வைங்க. ராத்திரிக் கடலுக்கு மொதல்ல முழுக் கருப்பு அடிச்சு நல்லாக் காயவிட்டு, பழைய டூத்பிரஷ்ல வெள்ளை இங்க்கைத் தொட்டு கட்டை விரலால தெறிக்க விடுங்க, துடுப்பு போடுறப்போ தண்ணி மின்னுமே, அது அப்படியே வரும். போன்லயோ டேப்லயோ வரையிறவங்களுக்கு இபிஸ் பெயிண்ட் ஆப், கம்ப்யூட்டர்னா கிரீட்டா இலவசம்தான்.

லெட்டரிங்லதான், அதாவது வசனத்தை எழுதி வைக்கிறதுலதான், நம்ம ஆளுக கோட்டை விடுறாங்க. தமிழ் வார்த்தை நீளம், இங்கிலீஷ் காமிக்ஸ் பாத்துப் பழகி வசனம் வர்ற பலூனைச் சின்னதா வரைஞ்சிட்டு அப்புறம் எழுத்தை நசுக்குவாங்க. மொதல்ல எழுத்தை வைங்க, அப்புறம் பலூன், கடைசில படம். யூனிகோட் ஃபான்ட் மட்டும் எடுங்க, கவிவனார்ங்கிற ஃபான்ட் கையெழுத்து மாதிரி இருக்கும், விவரிப்புக்கு நல்லாருக்கு, வசனத்துக்கு நேரா நிக்கிற எழுத்தா ஒண்ணு. பேய் பேசுறதுக்குன்னு ரத்தம் ஒழுகுற ஃபான்ட் போடாதீங்க, கருப்பு பலூன்ல வெள்ளை எழுத்து, அதும் மத்த எழுத்தை விடச் சின்னதா, அவ்வளவுதான்.

பிரிண்டுக்கு மொத புத்தகம் 16 பக்கம் ஏ5 போதும், நாலு ஏ4 தாளை மடிச்சு நடுவுல பின் அடிச்சா முடிஞ்சது. பக்கம் எப்பவும் நாலோட மடங்குல இருக்கணும். ஸ்கேன் 600 டிபிஐ, ஓரத்துல 3 மிமீ கூடுதலா விடுங்க, கருப்பு வெறும் கருப்பு மை மட்டும், நாலு கலர் சேத்த கருப்பு வேணாம்னு கடைக்காரர்கிட்ட வாயால சொல்லுங்க. 70 ஜிஎஸ்எம் தாள்ல இவ்வளவு கருப்பு அடிச்சா பின்பக்கம் தெரியும், 100 கேளுங்க. ஜெராக்ஸ்ல போட்டா பெரிய கருப்பு இடமெல்லாம் திட்டுத் திட்டா வெளுக்கும். வாட்ஸப்ல அனுப்புறதா இருந்தா போட்டோவா அனுப்பாம பிடிஎஃப்பா அனுப்புங்க.

விக்கிறதுக்கு முன்னாடி பங்குச் சாமியாரைப் பாருங்க. கோயிலுக்குள்ள வச்சு விக்கவோ குடுக்கவோ செய்யிற மதப் புத்தகத்துக்குத் திருச்சபை அதிகாரிகளோட அனுமதி வேணும்னு திருச்சபைச் சட்டம் 827 சொல்லுது, ராம்நாட் மாவட்டம் சிவகங்கை மறைமாவட்டத்துல வருது, கடிதம் அங்க போகணும். சிஎஸ்ஐ ஆளுக மதுரை ராம்நாடு திருமண்டலத்துல உங்க சபை ஐயரைக் (போதகரை) கேளுங்க. பாக்கப் போறப்போ பென்சில் கட்டத்துலயே கொண்டு போங்க, இங்க் போட்டதுக்கப்புறம் ஒரு பக்கத்தை மாத்தச் சொன்னா உங்களுக்கும் மனசு வராது, அவருக்கும் சொல்ல மனசு வராது. மறைக்கல்வி வகுப்புல குடுக்குறதா இருந்தா அட்டைலயே பெரிய பிள்ளைகளுக்குன்னு போட்டுருங்க, குழி வெட்டுற காட்சியைப் பாத்துட்டு ராத்திரி ஒண்ணுக்குப் போக பயப்படுற குட்டிப் பிள்ளையோட அம்மா உங்க வீட்டைத் தேடித்தான் வரும்.