பி அடித்தால் சி வந்த ஆப்பிள்-1

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளில் எது எதுவோ கிடைக்கும், ஆனால் சிக்னெடிக்ஸ் 2504 என்ற பழைய நினைவகச் சிப் கிடைக்காது. ஆன்லைனில், அதுவும் யானை விலைக்குத்தான் வாங்க வேண்டியிருந்தது.

1976-இல் வந்த, ஆப்பிளின் முதல் கணினியான ஆப்பிள்-1-இன் நகல் போர்டுக்காகத்தான் அது. பவர் கொடுத்தால் 6502 செயலி ஓடுகிறது, ஆனால் திரையில் பி அடித்தால் சி, டி அடித்தால் இ, 8 அடித்தால் 9, ஏ மட்டும் ஒழுங்காக ஏ. வெற்றிடம் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஆச்சரியக்குறி வேறு!

கொஞ்சம் யோசித்தால் புரியும், எழுத்துக் குறியீட்டின் கடைசி பிட் (0 அல்லது 1) எப்போதும் 1-ஆகவே நிற்கிறது; ஏ-வின் குறியீட்டில் அது ஏற்கெனவே 1, அதனால்தான் அது தப்பித்தது. இந்த போர்டில் திரை நினைவகம் சாதாரண ராம் இல்லை. 1024 பிட் ஷிஃப்ட் ரெஜிஸ்டர்கள் (பிட்களை வரிசையாக நகர்த்திக்கொண்டே வைத்திருக்கும் சிப்கள்), எழுத்தின் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு 2504. பவரை அணைத்துவிட்டு, அந்த பிட்டின் சிப்பையும் பக்கத்து சிப்பையும் இடம் மாற்றிப் போட்டேன். கோளாறும் கூடவே அடுத்த பிட்டுக்குப் போனது. சரி, சாக்கெட்டில் குறை இல்லை, சிப்தான்.

கழற்றி லென்ஸில் பார்த்தால் எட்டுக் காலும் கன்னங்கரேல். பழைய சிப்களின் வெள்ளி முலாம் காற்றில் இருக்கும் கந்தகத்தால் இப்படிக் கறுக்கும், நம் வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரியேதான். பென்சில் ரப்பரால் கால்களை வளையாமல் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். (உப்புத்தாள் வேண்டாம், முலாமே போய்விடும். ஸ்டாட்டிக் மின்சாரத்துக்கும் இந்த வகை சிப்கள் தாங்காது, கையை எர்த் பண்ணிக்கொள்ளுங்கள்.)

திரும்பப் பொருத்தினேன், பி பி-ஆகவே வந்தது. மற்ற 2504-களையும் கையோடு துடைத்துவிட்டேன்.