மாட்டில் இல்லை, மூடி வளையத்தில் இருந்தது

பெருந்துறைப் பக்கம் எங்கள் தோட்டத்துப் பால், மெத்திலீன் ப்ளூ சோதனையில் (பாலில் நீலச் சாயம் கலந்து, கிருமி அதை எவ்வளவு சீக்கிரம் வெளுக்க வைக்கிறது என்று பார்ப்பது) அரை மணி நேரத்துக்குள் நீலம் வெளுத்துக்கொண்டே இருந்தது, அதாவது கிருமி எக்கச்சக்கம். மடிநோயாக இருக்கும் என்று ஆறு மாட்டுக்கும் சிஎம்டி சோதனை (மடிநோய் இருந்தால் மருந்து கலந்த பால் கெட்டியாகும்) போட்டோம், எதிலும் பால் கெட்டியாகவில்லை. காம்பு கழுவும் மருந்தை மாற்றினோம், பயனில்லை.

அப்புறம்தான் ஆய்வக ரிப்போர்ட்டைச் சரியாகப் பார்த்தேன். சோமாட்டிக் செல், அதாவது மடிநோய் வந்தால் பாலில் கூடும் மாட்டின் உடல் செல், மில்லிக்கு 2 லட்சத்துக்குள்தான். செல் குறைவு, கிருமி அதிகம் என்றால் பெரும்பாலும் கோளாறு மடியில் இல்லை, பாத்திரத்தில். கேன் மூடியின் ரப்பர் வளையத்தைக் கத்தி முனையால் நெம்பி எடுத்தால், வெளியே பளபளவென்று இருந்த அதே மூடிக்கு அடியில் மஞ்சளாக, வழவழவென்று, புளித்த வாடையோடு பால் படிவு.

புது வளையம் போட்டு, தினமும் கழற்றிச் சோடா கலந்த வெந்நீரில் தேய்த்தோம். நான்காம் நாள் ஐந்து மணி நேரம் தாண்டியும் நீலம் நின்றது. அப்பாடா!

சேம்பிளை மட்டும் ஐஸில் வைத்தே கொண்டுபோங்கள், வெயிலில் போனால் வழியிலேயே கிருமி பெருகிவிடும்.